கொழுப்பேறிய கல்லீரலில் செல் எந்த வழியில் இறந்தது என்று கண்டறிவது எப்படி

கொழுப்புக் கல்லீரல் நோயை ஆராய வருகிற மாணவர் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்ளேயே ஒரு திசுச் சீவலை டியூனெல் முறையில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒளிரும் உட்கருக்களை எண்ணி, நோயுற்ற கல்லீரலில் அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் சாவு, கூடியிருக்கிறது என்று எழுதிவிடுகிறார். நானும் அப்படி எழுதியவன்தான். அந்தச் சாயம் டி.என்.ஏ. இழையின் அறுந்த முனைகளைக் காட்டுகிறதே தவிர, இழை எதனால் அறுந்தது என்பதைக் காட்டுவதில்லை. வீங்கி வெடித்து இறந்த செல்லிலும், கல்லீரலை வெளியே எடுத்தபின் ஃபார்மலினில் இடத் தாமதமானதால் தானாகவே கரைந்துகொண்டிருந்த செல்லிலும் அதே ஒளி தெரியும். எலிக் கல்லீரலை வைத்து 1995-லேயே இது காட்டப்பட்டுவிட்டது. இருந்தும் அந்த ஒரு சாயத்தை நம்பி எழுதப்படும் முடிவுகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

கையில் ஒரு திசுச் சீவலோ, இரத்தச் சீரமோ, வளர்ப்புத் தட்டில் செல்களோ இருக்க, அவற்றிலுள்ள ஹெப்படோசைட், அதாவது கல்லீரலின் முதன்மைச் செல், எந்த மூலக்கூறு வழியில் இறந்தது என்று சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். வழி தெரிந்தாக வேண்டிய அவசியம் நோயாளியிடமிருந்து வருகிறது. இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு சேர்வதோடு நின்றுவிடுகிறது. செல்கள் தொடர்ந்து சாகத் தொடங்கியவர்களிடம்தான் அழற்சியும், நார்வடுவும், சிர்ரோசிஸும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்தச் சாவைத் தடுக்க மருந்து தேடுகிறவர் எந்த வழியை அடைப்பது என்று தெரியாமல் அடைத்தால் என்ன நேரும் என்பதற்கு உண்மையான உதாரணமே இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன். இந்த நோயின் பெயர் 2023-ல் மாற்றப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மது சாராக் கொழுப்புக் கல்லீரல் நோய் என்று முன்பு வழங்கியது இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று அழைக்கப்படுகிறது. ஆகவே கட்டுரைகளைத் தேடுகிறவர் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும்.

இறந்தது எந்தச் செல், எப்போது

எந்தக் குறியீட்டையும் அளப்பதற்கு முன்னால் இறந்தது ஹெப்படோசைட்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லீரலின் கன அளவில் பெரும்பகுதி ஹெப்படோசைட்டுகளே என்றாலும், எண்ணிக்கையில் அவை ஏறத்தாழ 60 விழுக்காடுதான். மற்றவை கல்லீரலில் வாழும் விழுங்குசெல்களான கூப்ஃபர் செல்கள், இரத்த நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள், நார் பின்னும் நட்சத்திரச் செல்கள், நோயின்போது புதிதாக வந்து நுழையும் வெள்ளணுக்கள் ஆகியவை. கல்லீரல் துண்டு முழுவதையும் அரைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினால், அப்போப்டோசிஸை நிறைவேற்றும் நொதியான கேஸ்பேஸ்-3-இன் வெட்டுண்ட பட்டை ஹெப்படோசைட்டிலிருந்து வந்ததா, வந்து செத்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவிலிருந்து வந்ததா என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே அதே கல்லீரலின் சீவலில், இறப்புக் குறியீட்டோடு எச்என்எஃப்4-ஆல்ஃபா போன்ற ஹெப்படோசைட்டுக்கு உரிய ஒரு புரதத்தையும் சேர்த்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். கேஸ்பேஸ்-3 விஷயத்தில் இது நல்ல பழக்கம் என்ற அளவில்தான் நிற்கிறது. பின்னால் வரும் நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு சாவு வழியின் விஷயத்தில் முடிவையே இது மாற்றிவிடும்.

அடுத்தது காலம். அப்போப்டோசிஸில் இறந்த ஹெப்படோசைட்டின் எச்சங்களை அண்டைச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. எலிக் கல்லீரலில் அந்த எச்சம் நுண்ணோக்கியில் தென்படுவது ஏறத்தாழ 3 மணி நேரம்தான். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் செல்களில் ஒன்று மட்டும் அப்போப்டோசிஸ் உருவத்தில் தெரிகிறது என்றால், அது 0.1 விழுக்காடு. 3 மணி நேரத்துக்கு ஒரு தொகுதி என்று ஒரு நாளில் எட்டுத் தொகுதிகள் கடந்துபோகின்றன. ஆக நாளொன்றுக்கு 0.8 விழுக்காடு செல்கள் போகின்றன. புதிய செல்கள் பிறக்காவிட்டால் நூறு நாட்களில் கல்லீரலின் பெரும்பகுதி காலியாகிவிடும் வேகம் அது. ஆகவே சீவலில் இரண்டோ மூன்றோ எச்சங்கள்தாம் தெரிந்தன என்பதால் இழப்பு சொற்பம் என்று எழுதிவிடக் கூடாது. வீங்கி நிற்கும் செல்லோ நெடுநாள் அப்படியே நிற்கக்கூடியது. அதனால் சீவலில் எண்ணிக்கை அதிகமாகத் தெரியும். வேகமாக மறைவதையும் மெதுவாக மறைவதையும் அருகருகே வைத்து எண்ணி, எது அதிகம் நடக்கிறது என்று தீர்ப்பளிப்பது இந்தத் துறையில் அடிக்கடி நிகழும் பிழை.

சீரத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி உயர்ந்திருப்பது, செல்லின் சவ்வு எங்கோ கசிந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 47 மணி நேரம் என்பதால், இன்று அளப்பது கடந்த சில நாட்களின் கசிவைச் சேர்த்துச் சொல்கிறது. எந்த வழியில் இறந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. திசுப் பரிசோதனையில் அழற்சி தெளிவாகத் தெரிகிற நோயாளிக்கும் ஏஎல்டி இயல்பு அளவில் இருக்கலாம்.

எந்தக் கொழுப்பு கொல்கிறது

கொழுப்புத் துளிதான் செல்லைக் கொல்கிறது என்ற எண்ணத்தோடு ஆய்வைத் தொடங்குகிறவர் தவறான அளவீடுகளைத்தான் தேர்ந்தெடுப்பார். துளிக்குள் இருப்பது டிரைகிளிசரைடு. அது செல்லுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பான சேமிப்பு. தீங்கு செய்வது துளிக்குள் போய்ச் சேராத நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து உருவாகும் செராமைடு, லைசோபாஸ்ஃபாடிடில்கோலின் போன்றவையும்தான். டிரைகிளிசரைடு உருவாக்கத்தின் கடைசிப் படியைச் செய்யும் டிஜிஏடி2 நொதியைச் சுண்டெலிகளில் குறைத்த 2007-ஆம் ஆண்டின் சோதனையில், கல்லீரலில் கொழுப்பு குறைந்தது, ஆனால் செல் சேதமும் நார்வடுவும் கூடின. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சீவலில் கொழுப்புத் துளிகளின் பரப்பை அளந்துவிட்டு, அதையே சேதத்தின் அளவாகக் கொள்வதை அது தடுக்கும்.

பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலம் ஹெப்படோசைட்டுக்குள் அளவுக்கு மீறி நுழையும்போது, புரதங்கள் மடிக்கப்படும் உள்ளறையான எண்டோபிளாசுமிக் ரெட்டிகுலத்தின் சவ்வு நிறைவுற்ற கொழுப்புகளால் இறுகிப்போகிறது. அந்த இறுக்கத்தை பெர்க், ஐஆர்இ1 என்ற இரண்டு உணரிப் புரதங்கள் கண்டுகொள்கின்றன. பெர்க் வழியில் சாப் என்ற படியெடுப்புக் காரணி ஏறுகிறது. ஐஆர்இ1 வழியில் ஜேஎன்கே என்ற நொதி தூண்டப்படுகிறது. இரண்டும் சேர்ந்து பிம், பூமா என்ற கொலைப் புரதங்களை உயர்த்துகின்றன. சாப் கூடுதலாக டிஆர்5 என்ற இறப்பு ஏற்பியையும் பெருக்குகிறது. அந்த ஏற்பிகள் வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமலேயே ஒன்றோடொன்று கூடி, கேஸ்பேஸ்-8 நொதியை இயக்கிவிடுகின்றன. ஹெப்படோசைட்டில் கேஸ்பேஸ்-8 மட்டும் வேலையை முடித்துவிட முடியாது. லிம்போசைட்டுகள் சிலவற்றில் அது நேரே கேஸ்பேஸ்-3-ஐ வெட்டிக் கதையை முடித்துவிடும். ஹெப்படோசைட்டிலோ அது முதலில் பிட் என்ற புரதத்தை வெட்ட வேண்டும், வெட்டுண்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அதன் வெளிச்சவ்வைத் திறக்க வேண்டும், அங்கிருந்து சைட்டோகுரோம்-சி வெளிவந்து கேஸ்பேஸ்-9 எழ வேண்டும். இந்தச் சுற்றுவழியை மனத்தில் வைத்திருந்தால், எந்தக் கண்ணியில் எதை அளக்கலாம் என்பது தானே விளங்கும்.

தட்டில் செய்து பார்க்கிறவருக்கு

இந்தச் சங்கிலியை வளர்ப்புச் செல்களில் காட்டுவது எளிதாகத் தோன்றும். பாழாவது பெரும்பாலும் கரைசலில்தான். பால்மிடிக் அமிலத்தின் உருகுநிலை ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸ். அறை வெப்பத்தில் அது நீரில் நிற்காது. அதைப் பால்மிடேட் என்ற சோடியம் உப்பாக்கி, 70 டிகிரி வெந்நீரில் தெளிவாகக் கரையவிட்டு, கொழுப்பு அமிலம் நீக்கப்பட்ட மாட்டு ஆல்புமின் கரைசலை 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருக்கும்போது, சிறிது சிறிதாக அதில் ஊற்ற வேண்டும். கலவை கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகக் குழாயைப் பிடித்துப் பார்க்கும்போது இலேசான பால்நிற மங்கல் தெரிந்தாலும் அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். ஒரு முறை அந்த மங்கலைப் பொருட்படுத்தாமல் செல்களின்மேல் விட்டுவிட்டேன். மறுநாள் தட்டின் அடியில் ஊசி ஊசியாகப் படிகங்கள். அவற்றின் அடியில் செல்கள் கிழிந்துகிடந்தன. மூன்று வாரச் சோதனையில் நான் அளந்துகொண்டிருந்தது படிகம் குத்தியதால் வந்த சாவை.

எத்தனை மைக்ரோமோலார் பால்மிடேட் விட்டீர்கள் என்பதைக் காட்டிலும், ஒரு ஆல்புமின் மூலக்கூறுக்கு எத்தனை பால்மிடேட் மூலக்கூறு என்ற விகிதமே முக்கியம். ஆல்புமினில் கொழுப்பு அமிலம் அமரத்தக்க இடங்கள் ஏறத்தாழ ஏழு; அவை நிரம்ப நிரம்பக் கட்டுறாமல் திரியும் அமிலத்தின் அளவு செங்குத்தாக ஏறும். 2-க்கு 1, 3-க்கு 1 என்ற விகிதங்களில் கிடைக்கிற முடிவை 6-க்கு 1-இல் கிடைத்த முடிவோடு ஒப்பிடவே முடியாது. இந்த விகிதத்தை எழுதாத கட்டுரையின் எண்களை நான் நம்புவதில்லை. பால்மிடேட் இல்லாத வெறும் ஆல்புமினை அதே அளவில் ஒரு தட்டுக்கும், நிறைவுறாத கொழுப்பு அமிலமான ஒலியேட்டை இன்னொரு தட்டுக்கும், இரண்டும் கலந்ததை மற்றொன்றுக்கும் கட்டாயம் விட வேண்டும். ஒலியேட் செல்லைக் கொழுப்புத் துளிகளால் நிரப்பும், ஆனால் அதே அளவில் அவ்வளவாகக் கொல்லாது. பால்மிடேட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அதைத் துளிக்குள் தள்ளிச் செல்லைக் காப்பாற்றவும் செய்யும். இந்த வேறுபாடு உங்கள் தட்டில் தெரியவில்லை என்றால், மேலே போகாமல் கரைசலைச் சரிபாருங்கள்.

செல் வகையைத் தேர்வதிலும் இடறு இருக்கிறது. எளிதில் கிடைக்கும் ஹெப்ஜி2 செல்கள் புற்றிலிருந்து வந்தவை. பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் 148-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் கொண்ட, கொழுப்புச் சேர்க்கைக்கு இடம்தரும் வடிவத்தை அவை இரு பிரதிகளிலும் சுமக்கின்றன. நெக்ரோப்டோசிஸுக்குத் தேவையான ஆர்ஐபிகே3 புரதமும் அவற்றில் இல்லை என்றே சொல்லலாம். அங்கே நெக்ரோப்டோசிஸ் நடக்கவில்லை என்று காட்டுவதால் கல்லீரலைப் பற்றி எதுவும் நிரூபணமாகாது. இயன்றவரை, புதிதாகப் பிரித்தெடுத்த ஹெப்படோசைட்டுகளில் செய்யுங்கள்; அவை தட்டில் நாளுக்கு நாள் தம் இயல்பை இழப்பதால், முதல் இரண்டு நாட்களுக்குள் அளந்துவிட வேண்டும்.

அப்போப்டோசிஸை உறுதிசெய்தல்

அப்போப்டோசிஸ் என்ற கருத்தே கல்லீரலில் பிறந்தது. 1960-களில் ஜான் கெர், எலிக் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையின் கிளையைக் கட்டிவிட்டுப் பார்த்தபோது, சில செல்கள் வீங்காமல், அழற்சியை வரவழைக்காமல், சுருங்கி உருண்டையாகிச் சிதறுவதைக் கண்டார். 1972-இல் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி ஆகியோருடன் சேர்ந்து அவர் அதற்கு இந்தப் பெயரை இட்டார். ஹெமடாக்ஸிலின்-இயோசின் சாயத்தில் அந்த உருவம் இன்றும் முதல் சான்றாகவே நிற்கிறது. சுற்றியிருக்கும் செல்களைவிட அடர்ந்த இளஞ்சிவப்பில், ஒரு வெள்ளை வளையத்துக்குள் தனித்து நிற்கும் உருண்டை. அதற்குள் கருநீலத்தில் ஒன்றிரண்டு உட்கருத் துணுக்குகள். சில நேரம் துணுக்கே இராது. அதைப் பார்த்துப் பழகாமல் ஆன்டிபாடியிலிருந்து தொடங்குகிறவருக்கு, ஆன்டிபாடி பொய் சொல்லும்போது அது தெரியாது.

உருவத்துக்குத் துணையாக இரண்டு மூலக்கூறுத் தடயங்கள் போதும். ஒன்று, வெட்டுண்ட கேஸ்பேஸ்-3. வெஸ்டர்ன் பிளாட்டில் 17, 19 கிலோடால்டன் அருகே இரட்டைப் பட்டையாக வரும். மற்றொன்று சைட்டோகெரட்டின்-18. ஹெப்படோசைட்டின் உள்சட்டகமான இந்தப் புரதத்தைக் கேஸ்பேஸ்கள் 396-ஆம் அஸ்பார்டேட்டை அடுத்து வெட்டும்போது ஒரு புதிய முனை தோன்றுகிறது. எம்30 என்ற ஆன்டிபாடி அந்த முனையை மட்டுமே பிடிக்கும். வெட்டுண்டதையும் வெட்டுறாததையும் சேர்த்து அளக்கும் எம்65 சோதனையோடு இதை ஒரே சீரத்தில் அளந்தால், மொத்தச் சாவில் கேஸ்பேஸ் வழிக்கு எவ்வளவு பங்கு என்ற ஒரு தோராயம் கிடைக்கும். சைட்டோகெரட்டின்-18 புறப்படலச் செல்களுக்கு உரியது என்பதால், வெள்ளணுக்களின் சாவு இந்தக் கணக்கில் கலப்பதில்லை. அதுவே இதன் பெரிய பலம். ஆனால் தனி ஒரு நோயாளிக்கு அழற்சி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் அளவுக்கு அந்த எண்ணின் உணர்திறன் போதாது. குழுக்களை ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

அனெக்சின்-வி, புரொப்பீடியம் அயோடைடு சாய இணையை நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அனெக்சின், சவ்வின் உட்பக்கமிருந்து வெளிப்பக்கத்துக்குப் புரண்ட பாஸ்ஃபாடிடில்செரினைப் பிடிக்கிறது. சவ்வு எந்த வழியில் கிழிந்தாலும் அது உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு சாயமும் ஏறிய செல்லைப் பிந்தைய அப்போப்டோசிஸ் என்று பெயரிடுவதற்கு ஆதாரம் கிடையாது.

நெக்ரோப்டோசிஸ்

இங்கே எச்சரிக்கை அதிகம் தேவை. ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 ஆகியவை சேர்ந்து எம்எல்கேஎல் என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அது சவ்வுக்குப் போய்ச் செல்லைத் துளைப்பதே இந்த வழி. நலமான ஹெப்படோசைட்டில் ஆர்ஐபிகே3 மிகக் குறைவு, பல அளவீடுகளில் காணவே முடியாத அளவு. நோயுற்ற கல்லீரலில் அது கூடித் தெரிந்தால், பெரும்பகுதி உள்ளே வந்த மேக்ரோஃபேஜுகளுடையதாக இருக்கலாம் என்பதையே முதல் விளக்கமாகக் கொள்ளுங்கள். சான்றாக ஏற்கத்தக்கது பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல்தான்; பாஸ்பேட் ஏறும் இடம் மனிதரில் 358-ஆம் செரின், சுண்டெலியில் 345-ஆம் செரின். மனிதருக்கான ஆன்டிபாடியைச் சுண்டெலிச் சீவலில் போட்டு வந்த நிறத்தைச் சான்றாகக் காட்டக் கூடாது. எம்எல்கேஎல் நீக்கப்பட்ட சுண்டெலியின் கல்லீரலில் அதே ஆன்டிபாடி நிறம் தராமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மரபணு நீக்கச் சோதனைகளும் ஒரே திசையில் பேசவில்லை. மெத்தியோனின், கோலின் குறைந்த தீவனத்தில் ஆர்ஐபிகே3 நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குச் சேதம் குறைந்தது; கோலின் குறைந்த உயர்கொழுப்புத் தீவனத்தில் அதே நீக்கம் கொழுப்புத் திசுவில் அப்போப்டோசிஸைக் கூட்டியது, சர்க்கரையைக் கையாளும் திறனையும் கெடுத்தது. நோயைத் தூண்டும் தீவனம் மாறினால் விடை மாறுகிறது. முதலாவது தீவனத்தில் விலங்கு மெலிகிறது, இன்சுலின் எதிர்ப்பும் மனித நோயில் இருப்பதுபோல் வருவதில்லை. அதில் கண்டதை மட்டும் வைத்து மனித நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்பதே என் கருத்து. சுண்டெலியின் உள்வகையையும் எழுதுங்கள். சி57பிஎல்/6 வகையின் ஜே கிளையில் என்என்டி என்ற மைட்டோகாண்ட்ரியப் புரதம் இல்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் சமாளிப்பதில் அதற்குப் பங்கு இருப்பதால், ஜே கிளை நீக்க விலங்கை என் கிளைக் கட்டுப்பாட்டு விலங்கோடு ஒப்பிட்டால் முடிவு எதைக் காட்டுகிறது என்றே தெரியாமல் போகும்.

பைரோப்டோசிஸ்

அழற்சியோடு வரும் இந்தச் சாவில், என்எல்ஆர்பி3 என்ற அழற்சிப் புரதத் தொகுதி கேஸ்பேஸ்-1-ஐ இயக்க, அது காஸ்டர்மின்-டி புரதத்தை வெட்ட, வெட்டுண்ட முன்பகுதி சவ்வில் துளையிடுகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் முழுப் புரதம் 53 கிலோடால்டனிலும், துளையிடும் துண்டு 30-ஐ ஒட்டியும் வரும். 43 அருகே ஒரு பட்டை தெரிந்தால் நிதானியுங்கள். அது கேஸ்பேஸ்-3 வேறோர் இடத்தில் வெட்டியதால் செயலிழந்த துண்டு. அப்போப்டோசிஸ் நடக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். அதையே பைரோப்டோசிஸ் என்று குறித்திருக்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன். துளை விழுந்தபின் சவ்வு கிழிவதும் தானாக நடப்பதில்லை, நின்ஜெ1 என்ற புரதம் அதைச் செய்கிறது என்று 2021-இல் காட்டப்பட்டது. ஆகவே செல்லுக்குள்ளிருந்து வெளிவரும் எல்டிஎச் நொதியின் கசிவை வைத்துத் துளையை ஊகிக்காமல் இரண்டையும் தனித்தனியே அளப்பது நல்லது.

ஃபெரோப்டோசிஸ்

2012-இல் பெயர் பெற்ற இந்த வழியில் கேஸ்பேஸும் இல்லை, துளையிடும் புரதமும் இல்லை. சவ்வின் பாஸ்ஃபோலிப்பிடுகளில் உள்ள பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு அமிலங்கள், இரும்பின் துணையோடு ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி அதைத் திருத்த முடியாமல் போகும்போது சவ்வு அழிகிறது. இரும்பைச் சேமிக்கும் உறுப்பு கல்லீரல். கொழுப்பேறும்போது ஆக்சிஜனேற்றத்துக்கான கச்சாப் பொருளும் அங்கேயே குவிகிறது. அதனால் இந்த வழிக்கு இங்கே இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. நீரிழிவு இல்லாத பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் வைட்டமின்-ஈ, 96 வாரம் கொடுத்துப் பார்த்து 2010-இல் வெளியான சோதனையில், திசு முன்னேற்றம் அடைந்தவர்கள் 43 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 விழுக்காடு. சவ்வுக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது வைட்டமின்-ஈயின் அறியப்பட்ட வேலை. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஆசை வரும். ஆனால் அந்தச் சோதனையில் யாரும் ஃபெரோப்டோசிஸை அளக்கவில்லை, ஆகவே அதைச் சான்றாக எழுதக் கூடாது.

இந்த வழிக்கு மட்டுமே உரிய குறியீடு என்று எதுவும் இல்லாததே இதிலுள்ள சிக்கல். கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருள்களான மலோண்டயால்டிஹைடு, 4-எச்என்இ ஆகியவை எந்த ஆக்சிஜனேற்றச் சேதத்திலும் ஏறும். கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 அல்லது லிப்ராக்ஸ்டாட்டின்-1 கொடுத்தால் செல் பிழைக்கிறதா, இரும்பைப் பற்றிக்கொள்ளும் டெஃபெராக்சமின் கொடுத்தாலும் பிழைக்கிறதா, கேஸ்பேஸ் தடுப்பான் கொடுத்தால் பிழைக்காமல் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒத்துவந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

சாகாமல் நிற்கும் செல்

நோய்க்குறியியலாளர் இந்நோயில் முதலில் தேடுவது பலூன்போல் வீங்கிய செல்லை. பெரியவர்களின் கல்லீரலில், மையச் சிரையை ஒட்டிய பகுதியில் அது முதலில் தெரியும். அண்டைச் செல்லைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெருத்து, மூலைகள் மழுங்கி, சைட்டோபிளாசம் சிலந்தி வலைபோல் வெளிறிக் கிழிந்திருக்கும். அதன் நடுவே சிவந்த கயிற்றுத் துண்டுபோல் மல்லரி-டெங்க் பொருள், அதாவது திரண்ட புரதக் கட்டி, கிடக்கும். சைட்டோகெரட்டின் 8, 18 சாயம் போட்டால், சுற்றிலும் உள்ள செல்கள் பழுப்பாகத் தெரிய, இது மட்டும் வெறுமையாக நிற்கும். பி62, யூபிக்விட்டின் சாயங்களில் அந்தக் கயிறு எழும்பும்.

இந்தச் செல்லைச் செத்ததாகக் கணக்கிடுவதா என்பது தலையாய கேள்வி. இவற்றில் கேஸ்பேஸ்-9 குறைந்துபோயிருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. கொலைச் சங்கிலி தொடங்கி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடுத்த கண்ணியில் அறுந்து, முடியாமல் நிற்கும் செல் இது என்று அதை வைத்துக் கருதப்படுகிறது. அது சும்மா நிற்பதும் இல்லை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தொடர்ந்து சுரந்து, நட்சத்திரச் செல்களை நார் பின்னத் தூண்டுகிறது. எனவே சீவலில் இறந்த செல்களுக்கு ஒரு கணக்கு, வீங்கிய செல்களுக்குத் தனியாக ஒரு கணக்கு என்று எண்ணுங்கள். இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையாக்கினால், ஒரு மருந்து சாவைக் குறைத்து வீக்கத்தைக் கூட்டியதா என்பது அந்தத் தொகையில் மறைந்துவிடும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. எல்லாக் கேஸ்பேஸ்களையும் தடுக்கும் எம்ரிகாசன் என்ற மருந்து, நார்வடு கண்ட 318 நோயாளிகளிடம் 72 வாரம் சோதிக்கப்பட்டு 2020-இல் முடிவு வெளியானது. மருந்து தன் இலக்கைத் தொட்டது. ஏஎல்டியும் தொடக்கத்தில் இறங்கியது. திசுவிலோ முன்னேற்றம் இல்லை. நார்வடுவும் பலூன் வீக்கமும் மோசமாகியிருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அடைக்கப்பட்ட செல்கள் வேறு வழியில் இறந்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அவ்வளவு நோயாளிகள் ஓராண்டுக்குமேல் அந்தச் சோதனையை நம்பிப் பங்கேற்றிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, ஒரு சாயத்தை வைத்து வழியைத் தீர்மானிக்கும் அவசரம் எனக்குப் பொறுக்க முடியாததாகிறது.

தடுப்பான்களை அடுக்கும் முறை

மேலே சொன்ன ஒவ்வொரு தடயமும், அந்த மூலக்கூறு அங்கே இருந்தது என்பதை மட்டும் காட்டும். சாவுக்கு அது காரணமா என்பதைத் தடுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். பால்மிடேட் விட்ட செல்களை எடுத்துக்கொண்டு, ஒரு வரிசைக்குக் கேஸ்பேஸ்களைத் தடுக்கும் இசட்-விஏடி, ஒரு வரிசைக்கு ஆர்ஐபிகே1-ஐத் தடுக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1எஸ், ஒரு வரிசைக்கு ஃபெரோஸ்டாட்டின்-1, ஒரு வரிசைக்கு என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950 என்று தனித்தனியே கொடுங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்தும் கொடுங்கள். நெக்ரோஸ்டாட்டின்-1 என்ற பழைய வடிவம் வேறொரு நொதியையும் தடுப்பதால், எஸ் என்று முடியும் வடிவத்தையே வாங்க வேண்டும். தடுப்பான் மட்டும் விட்ட தட்டும் இருக்கட்டும்.

அளவீட்டை 24 மணி நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 6, 12, 24, 48 மணி என்று தொடர்ந்து பாருங்கள். இசட்-விஏடி கொடுத்த தட்டில் 12 மணியில் பிழைத்திருந்த செல்கள் 48 மணியில் வேறு உருவத்தில் இறந்திருந்தால், அந்தத் தடுப்பான் சாவைத் தள்ளிவைத்து வழியைத் திருப்பிவிட்டது என்று பொருள். இரண்டாவது தடுப்பானையும் சேர்த்த தட்டில் அவை பிழைக்கின்றனவா என்று பார்த்தால், திரும்பிய வழி எது என்பதும் தெரியும். உயிர்ப்பை ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் அளவால் மட்டும் கணக்கிட்டால், கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவை மந்தமாக்கியதையே சாவு என்று படித்துவிடுவீர்கள். எல்டிஎச் கசிவையும், கண்ணால் எண்ணிய செல் எண்ணிக்கையையும் உடன் வையுங்கள்.

விலங்கில் இதே கேள்வியைக் கேட்பதானால், மரபணுவை உடல் முழுவதிலும் நீக்காமல், ஆல்புமின் மரபணுவின் தூண்டுபகுதியால் இயங்கும் மரபணுவை வெட்டி நீக்கும் கிரீ நொதியைக் கொண்டு ஹெப்படோசைட்டில் மட்டும் நீக்குங்கள். கல்லீரலை எடுத்த சில நிமிடங்களுக்குள் ஒரு துண்டை ஃபார்மலினிலும், ஒரு துண்டைத் திரவ நைட்ரஜனிலும் இடுங்கள். எடுத்த நேரத்தையும் இட்ட நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எழுதும்போது சான்றின் அளவுக்கே சொல்லை நிறுத்துங்கள். உருவமும், மூலக்கூறுத் தடயமும், தடுத்தால் பிழைக்கிறது என்ற நிரூபணமும் மூன்றும் ஹெப்படோசைட்டிலேயே கிடைத்திருந்தால், வழியின் பெயரை எழுதலாம். தடயம் மட்டும் கிடைத்திருந்தால், வெட்டுண்ட கேஸ்பேஸ்-3 கொண்ட ஹெப்படோசைட்டுகள் கூடியிருந்தன என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். டியூனெல் மட்டும் இருந்தால், டி.என்.ஏ. அறுந்த செல்கள் என்று எழுதுங்கள்.